ஆட்டுக்கும் ஒரு பங்கு

சல்லி,
திருகோணமலை.

அன்புள்ள மகன் நிலக்சனுக்கு,

அம்மாவின் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மருமகள் தனுஷிகாவும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாயிருக்க எங்கள் முத்துமாரி அம்மன் காவல். நான் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவன், நான் சொல்லச் சொல்ல அம்மாதான் எழுதுகிறா, எங்கேயாவது எழுத்துக் கோணியிருந்தால் அந்த இடத்தில் அவ சிரித்திருக்கிறா, இல்லாவிட்டால் என்னோடு சண்டை பிடித்திருக்கிறா என்று எடுத்துக்கொள். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனிலே நான் வாயைத் திறந்தவுடன், அப்பா பிள்ளை கத்துறாள், பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன கதை எங்கள் இரண்டு பேருக்கும் சரியில்லை. மகள் லக்சாயினி கதிரையை இழுத்து விழுத்தி, அதிலிருந்த பாலையெல்லாம் கம்பளத்தில் ஊற்றிவிட்டாள், இந்த நாலு வயசுக் குழப்படிக்காரியையும் அவளுக்குப் பின்னால் அலையிற தம்பியையும் பிளேனிலே கொண்டுவந்து ஊர்ச்சனத்துக்கு முன்னால் மானம் போக ஏலாது, ஆடி லீவுக்கு வரயில்லை, நாலைந்து வருசம் போகட்டும், அடங்கினாப் பிறகு வாறம் என்றாய். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், அது அதைவிட மோசம் என்கிறா. மகன், அடங்கின பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே நிறைய இருக்குதுகள், அதுகளைப் பார்க்க நான் ஏன் வாசலில் நிற்க வேணும்? நீ அவள் மேல் சொன்ன முறைப்பாடு எல்லாம், சப்பாத்துக்குள் சோறு போட்டு மூடி வைத்தது, தம்பிக்குப் பவுடர் பூசி வெள்ளைக்காரப் பிள்ளை ஆக்கியது, ராவிலே கடலை ஆர் நிப்பாட்டிறது என்று கேட்டது, நீ ஒவ்வொன்றாகச் சொல்ல எனக்கு வாயூறியது. இதையெல்லாம் நீ சலித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம், நான் அந்த வயசில் உன்னைப் பற்றிக் கடற்கரையில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. சண்டை நின்று சமாதானம் வந்து, கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற கரைவலையைத் திரும்பவும் நேரத்துக்கு இழுக்கத் தொடங்கின வருசம், உனக்கு ஐந்து வயசு. எனக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வருவது உன் வேலை. ஒரு நாள் பார்சலை அவிழ்த்தால் முட்டைப் பொரியலைக் காணவில்லை, அது இருந்த பள்ளத்தின் மேல் சோற்றை நிரவி, கையால் தட்டி, பூசி மெழுகின மாதிரி வைத்திருக்கிறாய். முட்டை எங்கையடா என்றேன். காகம் கொண்டு போயிட்டுது என்றாய். காகமோ திரும்பவும் கட்டி முடிச்சுப் போட்டது என்று கேட்டேன். ஓம் அப்பா, நல்ல காகம் என்றாய், உன் நாடியில் மஞ்சட்கரு ஒட்டியிருந்தது. அந்தக் காகத்தின் சுகம் விசாரித்தே நாங்கள் வலைக்காரர் ஒரு மாதம் சிரித்தோம். (இந்த இடத்தில் அம்மா, பிள்ளைக்குப் பசித்திருக்கும், நீங்கள் ஏன் இன்னும் சொல்லிக் காட்டுறீங்கள் என்று எழுதாமல் நிற்கிறா. பசியில்லை மகன், நீ வீட்டிலும் ஒரு முட்டை தின்றுவிட்டுத்தான் வந்தனீ.)

அதற்குப் பிறகுதான் ஆட்டுக் கதை. எங்கள் கரையில் கயிற்றில் கை வைத்தவனுக்கு மீனிலே பங்கு உண்டு, வழிப்போக்கன் என்றாலும் உண்டு. அதை நீ எப்படியோ விளங்கிக்கொண்டு ஒரு நாள் வீட்டு ஆட்டைக் கொண்டுவந்து வலைக்கயிற்றில் கட்டிவிட்டு அதற்குப் பின்னால் நின்று, வலை இழுக்கும்போது நாங்கள் பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடினாய். ஆடு நாங்கள் இழுக்கிற பக்கம் இழுக்கவில்லை, கடல் பக்கம் இழுத்தது, அது வேறு கதை. பங்கு பிரிக்கும்போது வலைச் சொந்தக்காரர் சம்மாட்டியாரிடம் போய் ஆட்டுக்கும் ஒரு பங்கு கேட்டாய். ஆடு மீன் தின்னுமோடா தம்பி என்று அவர் கேட்க, அது தின்னாது, அதின்ரை பங்கையும் நான்தான் எடுக்கிறன், ஆடு எங்கடைதானே என்றாய். சிரித்தே அறியாத அந்த மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார். ஆட்டுக்கும் சூடை மீன் கிடைத்தது. அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் நாயும் கோழியுமாகக் கயிற்றடியில் வந்து நின்றதுகள். வலை முழுக்க மீன் பட்ட நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு, ஆனால் அந்த இரண்டு நாளையும் அவற்றுக்கு மாற்ற மாட்டேன். ரெண்டாம் வகுப்புக்குப் போனவுடன் நீ ஆட்டைக் கொண்டு வருவதை விட்டுவிட்டாய், அது சின்னப்பிள்ளை வேலை என்றாய். சம்மாட்டியார் கொஞ்ச நாள் என்னிடம் ஆடு எங்கே, ஆடு எங்கே என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார். நாலைந்து வருசம் போகட்டும் என்று நீ சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

இனி அந்தக் கதிரைக் கதைக்கு வருகிறேன், கோபிக்காமல் வாசி. சனிக்கிழமை நாங்கள் வலை இழுத்துக்கொண்டு நிற்கும்போது லக்சாயினி தானே அழுத்தி வீடியோவில் வந்தாள், நீ சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றாயாம். மீன் ஏற்ற வந்த கிண்ணியா ஹிஸ்புல்லாவிடம் போனைக் கொடுத்துக் கரையைக் காட்டச் சொன்னேன். அப்பப்பா என்று என்னைக் கூப்பிட்டு, நானும் இழுக்கப் போறன் என்று அவள் குதித்தாள். அப்ப ஒரு கயிறு எடுத்துக்கொண்டு வாடி குஞ்சு என்றேன். தாயின் கம்பளிச் சால்வையைக் கொண்டு வந்தாள். அதைக் கதிரைக் காலில் கட்டச் சொன்னதும் நான், காலை ஊன்றி இழு என்று சொன்னதும் நான். கதிரையில் பால் இருந்தது எனக்குத் தெரியாது. அவள் இழுத்த இழுப்பைப் பார்த்து, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஹிஸ்புல்லா, காக்கா, இவ கயித்திலை நிண்டா நீங்க எல்லாரும் வீட்டை போகலாம் என்றான். விழுந்த சத்தத்தோடு போன் நின்றுவிட்டது. நீ அவளுக்கு ஏசினாய், மூலையில் நிற்க வைத்தாய், அவள் ஒரு வார்த்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை பார். காகத்தின் மேல் பழி போட்ட உனக்கு இப்படி ஒரு மகள்.

ஆகவே குழப்படி செய்தது நான், தண்டிப்பதென்றால் என்னைத் தண்டி, அவளுடைய பயணத்தை நிறுத்தாதே. அவளும் இழுத்தவள்தானே என்று சம்மாட்டியார் அவளுடைய பங்காக ஒரு பாரை மீன் தந்தார், அம்மா அதைக் கீறி உப்புப் போட்டுக் கருவாடாக்கிக் குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறா. பார்சலில் அனுப்பு என்று கேட்காதே, இழுத்த கைதான் வந்து வாங்க வேணும், கரை முறை அது.

மருமகளுக்கு எங்கள் அன்பு, சால்வைக்கு மன்னிப்பு. நான்கு பேரும் நோய்நொடி இல்லாமல், வீடு நிறையச் சத்தத்தோடு இருக்க வேணும் என்று ஆசீர்வதிக்கிறேன். லக்சாயினியிடம் கருவாடு பூனைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று மறக்காமல் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா யோகராசா
(பெருவிரல் வைத்திருக்கிறார், மை இல்லை என்று மஞ்சள் தொட்டு)

மகன், இது அம்மா எழுதுவது, அப்பா கால் கழுவப் போய்விட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றவர். நீ வரயில்லை என்று சொன்னதற்கு அடுத்த நாளே கிளிவெட்டிக்கு பஸ் எடுத்துப்போய் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிவந்து முற்றத்தில் கட்டியிருக்கிறார். அதுக்குக் கயிறு இழுக்கப் பழக்குகிறாராம். என்ரை மல்லிகை முழுக்கத் தின்று முடிச்சிட்டுது, கெதியா வாங்கோ.