போர்டு சொல்லும் முதல் வரி

படிக்க நீ இல்லாதபோது எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நேரில் அதிகம் பேசாதவள் நான். எழுதினால்தான் உன்னிடம் வாய் திறக்கிறது. நாளைய டெமோவுக்காக இன்று ஒரு புது போர்டின் உறையைக் கிழித்தேன். அதே பிளாஸ்டிக் வாசனை. திருவொற்றியூரில் ரயில் ஏறி நாம் இருவரும் இந்த வேலைக்கு வந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது.

கன்டெய்னர் லாரிகளை எடை போடும் மேடைக்கான சின்னக் கணினிதான் அன்று நம் கையில் இருந்த போர்டு. மேசைக் கணினியில் நன்றாக ஓடிய சிஸ்டத்தை அப்படியே மெமரி கார்டில் ஏற்றிச் செருகினோம். திரை கறுப்பாகவே நின்றது. போர்டைக் கெடுத்துவிட்டேன் என்று ஒயரைப் பிடுங்கினேன்.

"இன்னாத்துக்குடி பேஜாராவுற? அது சாவல. இது வேற ப்ராசசரு, நீ ஏத்துனது அதுக்குப் புரியல" என்றாய்.

மேசைக் கணினி, விழித்ததும் டிஸ்க் எது, கீபோர்டு எது என்று தானே தேடிப் பார்த்துக்கொள்ளும். இந்தச் சிப்புக்கோ கார்டில் குறிப்பிட்ட ஓர் இடத்தை மட்டும்தான் பார்க்கத் தெரியும். அங்கே அதற்குப் புரியும் கட்டளைகளில் சிஸ்டத்தை எழுப்பிவிடும் சின்ன ப்ரோக்ராம், பூட்லோடர், இருக்க வேண்டும். போர்டில் எது எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு ஃபைலில் நாமே எழுதித் தர வேண்டும்.

"புது மருமவ மாரிடி. உப்பு எங்க கீது, புளி எங்க கீதுன்னு நாமதான் காட்டணும்."

போர்டு எழுந்த அன்று, பூட்லோடர் காட்டும் முதல் வரியை உன் பேச்சாகவே மாற்றினாய். எப்போது போன் செய்தாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே நீ சொல்லும் பதில்: "வந்துகினே கீறேன்."

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவே இல்லை. எடைமேடைகளில் அந்த வரி மட்டும் தினமும் வந்தது.

இப்போது சிப்பையே மாற்றிவிட்டார்கள். பழைய பூட்லோடர் இதில் ஓடாது. எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன், உன் வரியையும் சேர்த்து. டீம் லீடர் பார்த்துவிட்டார்.

"கிளையன்ட் முன்னாடி இந்த பாஷையா? எடுத்துடும்மா."

"எடுக்க மாட்டேன் சார்." தரையைப் பார்க்காமல் சொன்னேன்.

"அப்போ டெமோவை வேற யாராவது பண்ணட்டும்."

எனக்குக் கிடைத்த முதல் டெமோ. இருந்தாலும் சொன்னேன்: "பண்ணட்டும் சார். இத எழுப்பத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். நம் பேச்சை வைத்துச் சினிமாவில் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இங்கே, எண்ணூரில், இயந்திரம் கண் விழித்ததும் அதைத்தான் பேசும்.

நாளை நான்தான் நிற்கிறேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. ஒன்று கேட்க வேண்டும். கேட்காமலே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் உன் வரி வரும். நாளை ஒரு நாளாவது, சொன்னபடி வந்துவிடு.