எதுவும் சேர்க்காத குழாய்

ஜனவரி 9

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நலம். அங்கே சமைத்துப் போட அத்தை இருக்கிறார், அதனால் உங்கள் நலத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான்தான் நானே சமைத்து, நானே குறை சொல்லி, நானே தின்று தொலைக்கிறேன். உங்களிடமிருந்து கடிதம் வந்து எத்தனை நாளாகிறது? கணக்கு முடிக்கிற நேரம் என்று சாக்குச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்திக் காட்டினேன். நேராகப் பார்க்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டுத்தான் பற்றவைத்தேன். கடைசி பெஞ்சில் தினமும் தூங்கி வழிகிற பெண் எழுந்து நின்று, "டீச்சர், எங்கப்பா வெல்டிங் கடை மாதிரியே இருக்கு" என்றாள். எரிந்து முடிந்த சாம்பலை நிறுத்துக் காட்டினேன். எடை கூடியிருந்தது. "எரிஞ்சா கொறையத்தானே செய்யணும், இது எப்படிக் கூடும்?" என்று அவளே கேட்டாள். கரும்பலகையில் சமன்பாடு எழுதிப் போட்டிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. சர்க்கரையில் ஆசிட் ஊற்றினேன், கறுப்பாகத் தூண் மாதிரி பொங்கி எழுந்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அதைப் பற்றித் தலைமை ஆசிரியைக்கு ஒரு போன் வந்திருக்கிறது. "ஆசிட்ட வெச்சுப் பிள்ளைங்களோட வெளையாடுறாங்க உங்க டீச்சர்" என்று ஓர் ஆண் குரல். ஒரு பெண்ணின் தகப்பன் என்றாராம். எந்தப் பெண் என்று கேட்டதும் வைத்துவிட்டாராம். யாராக இருக்கும்?

உங்கள்
வாத்தியாரம்மா


ஜனவரி 15

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

கோபம் வேண்டாம். கம்பெனியில் ஒரே லாரி டயர் கணக்கில் இரண்டு தடவை ஏறியிருந்தது. அதைக் கண்டுபிடித்து இறக்குவதற்குள் என் டயர் கழன்றுவிட்டது.

அந்தப் போன் விஷயத்தை லேசாக விடாதே. வெளியாளுக்கு வகுப்பில் நடந்தது எப்படித் தெரியும்? உள்ளே இருக்கிற யாரோதான். உன் பௌதிக சாரைக் கொஞ்சம் கவனி. அவர் வகுப்புப் பெண்கள் உன் லேப் ஜன்னலில் வந்து தொங்குகிறார்கள் என்று நீயே எழுதினாய். எந்த மனுஷனுக்குப் பொறுக்கும்? அந்த அட்டெண்டரையும் நம்பாதே. நீ என்ன செய்யப்போகிறாய் என்று முதல் நாளே தெரிகிற ஆள் அவன் ஒருவன்தான். சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நினைக்கிற சுபாவம் உனக்கு. அங்கே யாரிடமும் வாயைக் கொடுக்காதே. மனசில் இருப்பதை எனக்கு எழுது, போதும்.

"அந்தப் பொண்ணு எதுக்கு அங்க தனியாக் கெடந்து நெருப்போட மல்லுக்கட்டுது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்
வீட்டுக்காரன்


ஜனவரி 22

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. பௌதிக சார் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், இது எதற்கு என்று யோசிக்கிறேன். அட்டெண்டர் அண்ணன் சோதனைக் குழாய்களைக் கழுவும்போது அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பிப் பார்த்து, "என்னம்மா, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?" என்றார். இல்லண்ணே என்றேன். வெட்கமாக இருந்தது.

ஆனால் சந்தேகப்படாமலும் இருக்க முடியவில்லை. மறுபடியும் போன் வந்துவிட்டது. இந்தத் தடவை மெக்னீசியம். கடைசி பெஞ்சுப் பெண்ணுக்குக் கண் எரிச்சல் தாங்கவில்லையாம், ராத்திரி முழுக்க அழுதாளாம். அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லயே டீச்சர். யாரு சொன்னா?" என்று விழித்தாள். அவள் எந்த பெஞ்சில் உட்காருகிறாள் என்பதுவரை அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் சொன்னது சரிதான், உள்ளே இருக்கிற ஆள்தான்.

தலைமை ஆசிரியை நல்லவர். அவரே ஒரு காலத்தில் வேதியியல் நடத்தியவர். ஆனாலும், "அடுத்த மாசம் நிர்வாகக் கூட்டம் இருக்கு. இன்னொரு போன் வந்தா என்னால மறைக்க முடியாது. லேப பூட்டு, புத்தகத்த வாசிச்சுட்டுப் போன்னு சொல்லிடுவாங்க" என்கிறார். உடைந்த நாற்காலி போட அவர்களுக்கு ஓர் அறை வேண்டுமாம், என் லேப் மேல் ஏற்கெனவே கண்.

ஒன்று சொல்கிறேன். குழாயைத் தொடாமல் பாடம் நடத்து என்றால் அன்றைக்கே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு உங்களிடம் வந்துவிடுவேன். வாசித்துக் காட்டுவதற்கு நான் எதற்கு? ஆனால் அப்படி வந்தால் பாதி ஆளாகத்தான் வருவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்கள்
வாத்தியாரம்மா


ஜனவரி 28

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நீ வரப்போகிறாய் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் இருக்கிற அறையை ஒழித்துவிட்டேன். பழைய கட்டிலை வெளியே தள்ளியாகிவிட்டது. உன் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி அடிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இந்த ஊரிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. இல்லாவிட்டால் சும்மா இரு. நாலு வருஷமாகக் கடிதத்தோடு குடும்பம் நடத்துகிறேன். எனக்கும் அலுத்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சாயங்காலம் எதுவரைக்கும் அந்த அட்டெண்டர் உன்னோடு லேபில் இருக்கிறான்? ஊர் வாயை நினைத்துத்தான் கேட்கிறேன்.

உன்
வீட்டுக்காரன்


பிப்ரவரி 3

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அட்டெண்டர் அண்ணனுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். உங்கள் கேள்விக்கு அதுதான் பதில். இனி அப்படிக் கேட்காதீர்கள்.

நேற்று ஒரு தப்பு நடந்துவிட்டது. ஒரு வெள்ளித் துண்டை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டேன். படாரென்று வெடித்து நெருப்புப் பறந்தது. முன்னால் நின்ற பெண்ணின் ஜடை நுனி கருகிவிட்டது. அழுதாள். அவளைத் தேற்றி, யாரிடமும் சொல்லாதே என்று அனுப்பினேன். அட்டெண்டர் அண்ணன் அன்று லீவு. வெளியே யாருக்கும் தெரியாது. பயமாக இருக்கிறது. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

உங்கள்
வாத்தியாரம்மா


பிப்ரவரி 8

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

தச்சர் வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார். அலமாரி ஆறடி உயரம், ஐந்து தட்டு. கீழ்த் தட்டுக்குக் கதவு வைக்கலாமா என்று கேட்டார், வை என்றேன். கூட்டம் முடிந்த சனிக்கிழமை நானே வருகிறேன். சாமான் கட்ட அட்டைப் பெட்டிகளும் கொண்டுவருகிறேன். பாத்திரங்களை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு, இங்கே இருக்கிறது போதும்.

அம்மா உன்னை விசாரித்தாள்.

உன்
வீட்டுக்காரன்


பிப்ரவரி 11

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். போனால், சிரித்துக்கொண்டிருந்தார். ஏழாம் தேதி போன் வந்ததாம். "வெள்ளிய உப்புத் தண்ணில போட்டு வெடிக்க வெச்சு, ஒரு பிள்ளையோட ஜடைய எரிச்சுட்டாங்க" என்றானாம் அந்த ஆள். "ஏம்மா, வெள்ளி மோதிரம் போட்டுக்கிட்டுக் கடல்ல குளிக்கிறவங்க எல்லாம் வெடிச்சுச் செத்திருக்கணுமே. பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல. முதல் ரெண்டும் இந்த லட்சணம்தான் போல. நிர்வாகத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ போய் உன் பாடத்த நடத்து" என்றார். நானும் கூடவே சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்.

உப்புத் தண்ணீரில் வெள்ளியைப் போட்டால் ஒன்றுமே நடக்காது. போட்டது போட்டபடி கிடக்கும். அப்படி ஒரு சோதனையை நான் செய்யவில்லை. எந்தப் பெண்ணின் ஜடையும் கருகவில்லை. போன் பேசுகிற ஆளைக் கண்டுபிடிக்க ஆளுக்கு ஒரு பொய் சொல்லிவைத்தேன். பாதரசத்தைக் கொதிக்கவைத்ததாகப் பௌதிக சாரிடம் சொன்னேன். அட்டெண்டர் அண்ணனிடம், அவர் லீவில் இருந்தபோது குளோரின் வாயு அறை முழுக்கப் பரவிவிட்டது என்று சொன்னேன். வெள்ளிக் கதை உங்களுக்கு மட்டும்.

உங்களைச் சந்தேகப்பட்டு அதை எழுதவில்லை. ஒரு சோதனை செய்யும்போது, பக்கத்தில் எதுவும் சேர்க்காமல் ஒரு குழாய் வைப்போம். மற்றது எது நிறம் மாறினாலும் அது மாறாது. அது மாறாமல் இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் மற்றதைப் பற்றிப் பேசவே முடியும். உங்களை அந்தக் குழாயாக வைத்தேன். உங்களுக்கு அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. விஷயம் தெரிந்ததும், 'என்னையே ஏமாற்றிவிட்டாயே' என்று நீங்கள் கேலி செய்வீர்கள் என்று நினைத்தேன்.

பௌதிக சாரின் டீயை ஒரு மாதமாகச் சந்தேகத்தோடு குடித்திருக்கிறேன். அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

ஏன் செய்தீர்கள்?

வாத்தியாரம்மா


பிப்ரவரி 15

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஆடிப்போய்விட்டேன். கட்டின புருஷனுக்கே பொறி வைப்பாயா?

நான் பேசியது ஒரு தடவைதான். அந்த வெள்ளி விஷயம் மட்டும். ஒரு பிள்ளையின் தலைமுடி எரிந்தது என்று படித்தால் யாருக்குத்தான் பதறாது? இன்றைக்கு ஜடை, நாளைக்கு முகம், அப்புறம் உன்னைத்தானே போலீஸில் நிறுத்துவார்கள்? அந்தப் பயத்தில் பேசினேன். முதல் இரண்டும் நான் இல்லை. சத்தியம். அதை யார் செய்தார்கள் என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் இப்போதும் சொல்கிறேன், அந்தப் பௌதிக வாத்தியாரை விட்டுவிடாதே.

சனிக்கிழமை வருகிறேன். நேரில் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்.

உன்
வீட்டுக்காரன்


பிப்ரவரி 19

நீங்கள் பேசியது ஒரு தடவையா மூன்று தடவையா என்று எனக்குத் தெரியாது. உங்களைப் பேசவைத்து, இதே குரல்தானா என்று தலைமை ஆசிரியையைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கப்போவதில்லை. ஒரு தடவைதான் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு பெண்ணின் மேல் நெருப்புப் பட்டது, நான் பயந்துபோயிருக்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேன். பதறினேன் என்கிறீர்கள். பதறியவர் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பக்கத்து அறைதானே, தலைமை ஆசிரியை என்னிடம் கொடுத்திருப்பார். பள்ளிக்கூடத்துப் போன் நம்பரையே, எனக்கு ஏதாவது ஆனால் கேட்பதற்காகத்தான் உங்களுக்குக் கொடுத்தேன். அதில் யாரோ ஒரு தகப்பனாகப் பேசிவிட்டு, மறுநாள் எனக்கு அலமாரியின் உயரத்தை எழுதினீர்கள். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. உன் கை சுட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என்னை அங்கே வரவைக்க வேண்டும் என்றால், வா என்று ஒரு தடவை சண்டை போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். வந்திருப்பேனோ என்னவோ.

சனிக்கிழமை வர வேண்டாம். அலமாரியை அத்தை பாத்திரம் வைக்க எடுத்துக்கொள்ளட்டும். அத்தைக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

நேற்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. நான்கு வருஷப் பழக்கம், சாயங்காலம் வந்ததும் உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்புள்ள என்று ஆரம்பித்து, அதற்கு மேல் கை ஓடவில்லை. இனி என் வகுப்பில் நடப்பது எதையும் உங்களுக்கு எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை