ஊருக்கெல்லாம் கேட்ட பதில்

யாரடின்,
மேற்கு ஆஸ்திரேலியா.
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

அன்புள்ள ஹெதருக்கு,

இங்கே நானும் நாயும் ஆடுகளும் சௌக்கியம். மழைக்குத்தான் இன்னும் இந்தப் பக்கம் வர மனசில்லை. அங்கே அண்டார்க்டிக் பனிக்கு நடுவில் நீயும், உன்னை நம்பி உடம்பை ஒப்படைத்திருக்கும் நிலையத்து ஆட்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வாராவாரம் போனில் பேசுகிறவன் இப்போது எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று யோசிப்பாய். போனில் எனக்கு ஆட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டால் வேறு பேச்சு வருவதில்லை. நாளைக்கே தபாலில் போட்டால் ஹோபார்ட்டிலிருந்து கிளம்பும் இந்தப் பருவத்தின் கடைசிக் கப்பலில் ஏறிவிடுமாம்.

முதலில் புத்தகக் குழு சமாச்சாரம். உன் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று என்னை அங்கே தள்ளிவிட்டுப் போனாயே, புண்ணியவதி! அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் ஒரே ஆண். புத்தகத்தை முடிக்காதவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று சட்டம் வேறு. போன மாதம் வரை நான்தான் கழுவினேன். இந்தத் தடவை முடித்துவிட்டேன். ஆடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது வண்டியில் ஓடவிட்டுக் கேட்டே முடித்தேன். காதால் கேட்டது படித்ததாகுமா என்று அரை மணி நேரம் சண்டை. ஆகும் என்று பள்ளிக்கூடத்து பிரான்வென் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் டீயே ஊற்றினார்கள்.

கதை செவ்வாய்க் கிரகத்தில் நடக்கிறது. அங்கே போன ஒருத்தி திரும்புகிற நேரத்தில், இன்னும் சில வருஷம் இருக்க முடியுமா என்று மேலிடம் கேட்கிறது. அவள் பூமியிலிருக்கும் புருஷனைக் கேட்கிறாள். "உன் இஷ்டம்" என்று பதில் அனுப்புகிறான். அவள் அங்கேயே தங்கிவிடுகிறாள். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது நம் பக்கத்துப் பண்ணை கிளெனிஸ். வேண்டுமென்றே எடுத்தாயா என்று கேட்டேன். அட்டைப்படம் அழகாக இருந்ததாம். நான் நம்பவில்லை.

மனிதர்கள் செவ்வாய்க்குப் போகத்தான் வேண்டுமா என்று ஆரம்பித்தது பேச்சு. "நம்ம ஊர்ல ஒரு டாக்டர் கெடையாது, இவங்க செவ்வாய்க்கு ஆள் அனுப்பப் போறாங்களாம்! இருந்த ஒருத்தியையும் பனிக்கட்டிக்குள்ள அனுப்பியாச்சு" என்றாள் கிளெனிஸ். நான் விடவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க ஆட்களை அடைத்துவைத்தால் உடம்பும் மனசும் என்ன ஆகும் என்று தெரியாமல் யாரையும் அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது, அதற்குத்தான் நீ மாதாமாதம் நிலையத்து ஆட்களின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறாய் என்றேன். போகுமுன் உன் நல்ல குடல்வாலையே வெட்டி எடுத்ததையும் சொன்னேன். அங்கே இருப்பது ஒரே டாக்டர், அந்த டாக்டருக்கே வலி வந்தால் யார் வெட்டுவது? எல்லோரும் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள்.

"புது எடத்துக்கு மனுஷன் போகத்தான் வேணும். போகலன்னா நாம இங்க வந்தே இருக்க மாட்டோமே" என்றாள் பிரான்வென். நம் மெர்ல் இந்த மண்ணின் பூர்வகுடி, அவளுடைய நூங்கர் சனம் எந்தக் கப்பலும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது அல்லவா? அவள் கேக்கை மென்றுகொண்டே, "வராம இருந்திருந்தா நாங்க ஒண்ணும் ஏங்கிப் போயிருக்க மாட்டோம்டி" என்றாள். பிரான்வெனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்தப் புருஷன் பெருந்தன்மையானவன், பெண்டாட்டியின் வழியில் குறுக்கே நிற்கவில்லை என்றேன். கிளெனிஸ் கப்பை வைத்துவிட்டு, "பெருந்தன்மையாவது ஒண்ணாவது! சுத்த சோம்பேறித்தனம். பொண்டாட்டி கேள்வி கேட்டா பதில் சொல்லணும்பா" என்றாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆய்வுக்காரர்கள் உன்னை இரண்டாம் குளிர்காலமும் இருக்கச் சொல்வதும், நீ என்னைக் கேட்டதும், நான் போனில் அதே இரண்டு வார்த்தையைச் சொன்னதும் எல்லோருக்கும் தெரியும். நான்தான் உளறியிருந்தேன்.

நல்லவேளை, எங்கள் ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படைக்கு அழைப்பு வந்தது. நம் டக்கின் பண்ணையில், அறுவடை முடிந்து நின்ற காய்ந்த தாளில் தீ. எல்லோரும் தட்டுகளைப் போட்டது போட்டபடி ஓடினோம். நான் தீயணைப்பு வண்டியை ஓட்டினேன், பக்கத்தில் கிளெனிஸ், பின்னால் வந்த வண்டியில் மற்றவர்கள். காற்று எங்களுக்குச் சாதகமாக இருந்ததால் வேலியைத் தாண்டுமுன் அணைத்துவிட்டோம். ஒருவருக்கும் ஒரு காயமில்லை.

திரும்பும்போது முகமெல்லாம் கரியோடு கிளெனிஸ் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். எனக்கு வந்ததே கோபம்! "என்னத்தச் சொல்லச் சொல்ற? நான் வான்னு சொன்னா அவ வந்துடுவா, கிளெனிஸ். அதான் பயம். எத்தன வருஷத்து ஆச அவளுக்கு! ஆனா எனக்கு அவ வேணும். வீட்ல வேணும். எதிர்ல உக்காந்து சாப்பிட வேணும். அவ இல்லாத வீட்டுக்குள்ள போகவே புடிக்கல" என்று கத்திவிட்டேன்.

கத்தி முடித்ததும் வண்டி ரேடியோவில் டக்கின் குரல் கேட்டது. "கிளைவ், பேசற பொத்தான் மேலயே உக்காந்திருக்க போல. ஊருக்கே கேட்டுச்சு. எங்ககிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்டச் சொல்லு." அடுத்து மெர்ல்: "மொதல்ல வந்து பாத்திரத்தக் கழுவு, அப்புறம் சொல்லு."

மானம் கப்பலேறிவிட்டது, ஹெதர். நேற்று கோதுமைக் கிடங்கில், முன்பின் பேசாத ஒருவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில்: வந்துவிடு. எனக்கு நீ வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த வேலை உன்னை இருக்கச் சொன்னால், இரு. கோபப்பட மாட்டேன், சத்தியம். இங்கே கேட்பாரில்லை என்று நினைத்து மட்டும் இருந்துவிடாதே.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கப்பலில்தான் புது டாக்டரும் வருகிறார். சாமான்களை இறக்கிவிட்டு அதே கப்பல் திரும்பும். அது ஹோபார்ட்டுக்கு வரும் நாளுக்கு நான் விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆடுகளைக் கிளெனிஸ் பார்த்துக்கொள்கிறாள். நீ வரவில்லை என்று போனில் முன்கூட்டியே சொன்னாலும் போவேன். இறங்குகிற மாலுமிகள் யாராவது உன்னைப் பார்த்திருப்பார்களே. இளைத்திருக்கிறாயா, சிரிக்கிறாயா என்று அவர்களிடம் கேட்டுவிட்டாவது வருகிறேன்.

எங்கே இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வழி பார்த்திருக்கும்,
கிளைவ்