நல்லூர்க் கொடியும் வலென்சியாக் கணவாயும்

ஓகஸ்ட் 2, சனி. ஸ்டுட்கார்ட்

ஸ்பெயின் பயணத்தை நல்லூர்த் திருவிழாவுக்குள் போட்டுவிட்டேன். தை மாதம் மலிவாக வந்தது என்று நாலு பேருக்கும் சேர்த்துப் பதிந்தது. காசு திரும்பாத ரிக்கற். திருவிழா ஒவ்வொரு வருடமும் நாள் மாறும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். போதாக்குறைக்கு, இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் தொங்குகிற நாட்காட்டியே என் கடைப் பெயரோடுதான் தொங்குகிறது. அச்சடித்துச் சும்மா கொடுக்கிறவன் நான். ஒருதரம் புரட்டிப் பார்த்தேனா? இல்லை.

கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டுக்குள் மீனும் இறைச்சியும் வராது. யாழ்ப்பாணத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் கமலநாயகிக்கு அந்த நாட்களில் தான் நல்லூர் வீதியில் நிற்கிற நினைப்புத்தான். அவளைக் கட்டின நாளிலிருந்து நானும் கூடவே நிற்கிறேன். விருப்பத்தோடா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இன்று தேத்தண்ணி குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்குக் கீரை வாங்கித் தரப் போறியளோ?" என்றாள். பிறகு, "பரவாயில்லை. எங்கை போனாலும் விரதம் விரதம்தான். உங்களுக்கும்தான்."

அந்தக் கடைசிச் சொல்லை அவ்வளவு அழுத்தியிருக்க வேண்டியதில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

ஜூலியனும் விரதமாம். சாரங்கா போன் எடுத்துச் சொன்னாள். "ஒருத்தரும் கேக்கேல்லை அப்பா, அவராத்தான் சொன்னவர்."

இதுதான் எனக்குப் பிடிக்காதது.

சாரங்கா எனக்கு ஒரே பிள்ளை. ஜூலியன் மூன்று வருடமாக அவளுடைய ஆள். றொய்ட்லிங்கன் பக்கத்து ஜேர்மன்காரப் பெடியன், தச்சு படித்துவிட்டு வீடுகளுக்குக் கூரை போடுகிறான், தமிழைச் சாரங்காவிடம் படித்தவன். தொழிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவித் தொடங்கினவன் நான், கையால் உழைக்கிறவனை எடை போடத் தெரியும். சித்திரையில் வந்து முறையாகப் பெண் கேட்டான். நாலு பேரும் ஸ்பெயின் போய் வந்து பதில் சொல்கிறேன் என்றேன். பொருளை வெளிச்சத்தில் ஒருக்கால் திருப்பிப் பார்க்காமல் நான் கை கொடுத்ததில்லை.

திருப்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. அதுதான் பிரச்சினை. கையால் சாப்பிடுவீரோ? "ஓம் மாமா." கோயிலுக்கு வருவீரோ? "ஓம் மாமா." பாகற்காய்க் கறி? "நல்லாயிருக்கு மாமா." எதற்கும் விலை குறைத்துக் கேட்காத வாடிக்கையாளனை நான் நம்புவதில்லை. ஒன்றில் பொருளைப் பற்றித் தெரியாதவன், இல்லாவிட்டால் காசு கட்டாமல் ஓடப் போகிறவன்.

ஓகஸ்ட் 9, சனி. வலென்சியா

வந்து சேர்ந்தோம். வெய்யில். கடல். கடைக்குக் கடை கணவாய் பொரிக்கிற வாசம்.

முதல் கடையில் சலாட் கேட்டோம். மேலே ஒரு குவியல் சூரை மீன். திருப்பி அனுப்பி அவரைக்காய் கேட்டோம். அதற்குள் சிவப்புச் சிவப்பாகப் பன்றி. கமலநாயகி கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பரிமாறுகிற பெண் பாவம், "கொஞ்சம்தானே" என்று விரலால் காட்டினாள். ஜூலியன் தன் தட்டையும் தள்ளி வைத்தான். நான் அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

எதிரே ஓர் இத்தாலியக் கடை.

"அங்கை போவம்" என்றாள் கமலநாயகி. "மார்கரீத்தா பீட்சாவிலை ஒருத்தனும் ஒண்டையும் ஒளிச்சு வைக்கேலாது."

போனோம். வாசலில் துளசி மாதிரிச் செடி நட்டிருந்த தகர டின்னைப் பார்த்தேன். நான் விற்கிற அதே தக்காளி டின். சீஸ், மா, தக்காளி, பீட்சாப் பெட்டி என்று ஸ்டுட்கார்ட் சுற்றுவட்டாரத்து இத்தாலியக் கடைகளுக்கெல்லாம் மொத்தமாகப் போடுகிறவன், விமானம் ஏறி வந்து என் களஞ்சியத்துச் சாமானையே காசு கொடுத்துத் தின்றேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது இத்தாலியக் கடை. மத்தியானம்.

ஜேர்மனியில் நான் பழகின இத்தாலியக் கடைகளில் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தால் பாதி இடத்தில் நம்மவன் நிற்பான். நானே எட்டு வருடம் நின்றவன். பழக்கதோசம், கை கழுவப் போன இடத்தில் அடுப்படிக் கதவால் தலையை நீட்டி, "தம்பி, எந்த இடம்?" என்று கேட்டுவிட்டேன். மாவும் கையுமாக நின்ற பெடியன் திருதிருவென்று முழித்தான். பிறகு ஆங்கிலத்தில், வங்காளதேசம் என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அவனிடம் சீஸ் எங்கே எடுக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு நின்றதில் என் பீட்சா ஆறிப்போயிற்று.

"அடுப்படி காணாத மனுசன்" என்றாள் கமலநாயகி, மேசைக்குக் கேட்கும்படி.

ஓகஸ்ட் 11, திங்கள்

மூன்றாவது கடை, நாலாவது கடை.

இரவு வந்த சீஸ் ரப்பர். இழுத்தால் வருகிறது, விட்டால் திரும்பிப் போகிறது. மா உள்ளே பச்சை. தக்காளியில் சீனி போட்டிருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா, விடுமுறையிலையும் சீஸுக்கு மார்க் போடுறியளோ?" என்றாள் சாரங்கா.

ஜூலியனைப் பார்த்து, "நீர் சொல்லும். இது சீஸோ?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு மாமா."

முழுவதையும் தின்று முடித்தான். ஒன்றில் இவனுக்கு நாக்கு இல்லை, இல்லாவிட்டால் என்னிடம் பொய் சொல்கிறான். இரண்டில் எதை மருமகனாக எடுப்பது?

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். சாரங்கா என்னைப் போல, பிடித்தால் விடமாட்டாள். அவளோடு நின்று சண்டை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தலையாட்டிக்கொண்டே இருக்கிறவன் ஒரு நாள் சத்தமில்லாமல் எழும்பிப் போய்விடுவான். அப்படிப் போன வாடிக்கையாளர்களை நான் கண்டிருக்கிறேன். பிள்ளையை வைத்து அந்த நட்டம் படமுடியாது.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

இரத்தத்தில் சீனி கூட என்று டொக்டர் காலையில் நடக்கச் சொன்னவர். நடந்தேன்.

இந்த ஊரில் ஒரு வழக்கம். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் வேலையாட்கள் எல்லாரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முழங்கை நீளப் பாண், அதைப் பிளந்து வயிறு முட்டக் கணவாய்ப் பொரியல். சந்தைக்குப் பின்னால் அப்படி ஒரு கடை.

நான் பார்க்கத்தான் போனேன். வியாபாரி என்றால் நாலு கடையைப் பார்க்க வேண்டும்.

சாப்பிட்டேன்.

முருகா, உனக்குத் தெரியும், ரிக்கற் போட்டது தெரியாமல் நடந்த பிழை. கணவாய் தெரிந்து நடந்த பிழை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கழித்துக்கொள்.

ஓகஸ்ட் 13, புதன்

நடந்தேன். நடை உடம்புக்கு நல்லது.

ஓகஸ்ட் 14, வியாழன்

இன்று பிடிபட்டேன். பிடித்தும் விட்டேன்.

கடைக்குள் போய் என் பாணை வாங்கிக்கொண்டு திரும்பினால், முன்னால் ஓர் அகன்ற முதுகு. வெய்யிலில் சிவந்த கழுத்து. ஓடுகிற சப்பாத்து. கையில் பாண், இரண்டு கரையாலும் பன்றித் தொடைச் சீவல் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஜூலியன், காலையில் கமலநாயகியிடம் "ஓடிப்போட்டு வாறன் மாமி" என்று பவ்வியமாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்ட அதே ஜூலியன்.

வாய் நிறைய இருந்ததால் அவன் தலையை மட்டும் ஆட்டினான். அதட்டவும் எனக்கு வழியில்லை. என் கையிலும் சாட்சி இருந்ததே.

"ஓடப் போறன் எண்டனீர்" என்றேன்.

"ஓடித்தான் வந்தனான்." என் பாணைப் பார்த்தான். "நீங்கள் நடந்து வந்தனீங்கள்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காராமல் என்ன செய்வது, பாண் ஆறுகிறது. விட்ட இடத்திலிருந்து பேச்சை நான்தான் எடுத்தேன். முதலில் மிரட்டிப் பார்ப்பதுதான் முறை.

"மாமிக்கு நான் இதைச் சொன்னால்?"

"சொல்லுங்கோ. எங்கை நிண்டு கண்டனீங்கள் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ."

எனக்குக் கணவாய் புரைக்கேறியது. அவன் தன் தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டுத் தொடர்ந்தான். "நான் வெள்ளைக்காரன், மாமா. மாமி ஒரு கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துபோட்டு மன்னிப்பா. உங்களை?"

இத்தனை வருட வியாபாரத்தில் என்னை ஒருவரும் இவ்வளவு சுத்தமாக மூலைக்குள் நிறுத்தியதில்லை. சரி, உமக்கு என்ன வேணும் என்று கேட்டேன்.

"ஊருக்குப் போக முதல் உங்கடை பதில்."

"நல்லூர்த் தேர் முடியட்டும், ஆறுதலாச் சொல்லுறன்."

"ஏலாது மாமா."

மூன்று வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் ஏலாது. பாணை மேசையில் வைத்தேன். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, ஒன்றைத் தவிர.

"திங்கக்கிழமை சீஸ்?"

"ரப்பர் மாமா. முதல் நாளிலை இருந்தே ரப்பர்."

"பிறகேன் நல்லாயிருக்கு எண்டனீர்?"

"நீங்கள் சோதிக்கிறியள் எண்டு சாரங்கா சொன்னவ. பாஸ் பண்ண வேணுமே. பாகற்காயும் எனக்குப் பிடிக்காது."

பாவிப் பெடியன், மூன்று வருடம் பாகற்காய் தின்றிருக்கிறான். கமலநாயகி அவனுக்குப் பிடிக்கும் என்று மலையாகப் போடுவாள்.

"சாரங்காவோடை சண்டை பிடிப்பீரோ?"

"கிழமைக்கு ரெண்டு தரம். பாதி நான் வெல்லுவன்."

பாதி. நான் அவள் அம்மாவிடம் இதுவரை அவ்வளவு வென்றதில்லை. கை கொடுத்தேன். எண்ணெய்க் கை, அவனுடையதும் எண்ணெய்க் கை. பில்லை என் பக்கம் தள்ளினான். அதையும் கட்டினேன்.

ஓகஸ்ட் 16, சனி

கடைசி இரவு. எத்தனையாவது இத்தாலியக் கடை என்று மறந்துபோயிற்று. பீட்சா வருவதற்கு முதலே சொல்லிவிட்டேன், எனக்குச் சம்மதம் என்று. சாரங்கா என் தோளில் ஓர் அடி போட்டாள். "இதைச் சொல்ல இவ்வளவு நாளோ அப்பா?" பிறகு கடதாசித் துவாலையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜூலியன் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி "நன்றி மாமா" என்றான். நடிப்பிலும் குறை இல்லை.

கமலநாயகி மட்டும் பீட்சாவை ஆறுதலாக வெட்டிக்கொண்டிருந்தாள். "நல்லது" என்றாள். "மிச்சத்தைத் தேர் அண்டைக்கு வீட்டை வைச்சுக் கதைப்பம்."

மிச்சம் என்ன?

ஓகஸ்ட் 18, திங்கள். ஸ்டுட்கார்ட்

களஞ்சியத்தில் வேலை. மிச்சம் என்னவாக இருக்கும் என்று யோசித்ததில் ஒரு கடைக்குச் சீஸுக்குப் பதில் பெட்டி போய்விட்டது.

ஓகஸ்ட் 21, வியாழன்

இன்று நல்லூரில் தேர். கமலநாயகி தலைக்கு முழுகி, தேர் ஓடுவதைப் போனில் பார்த்துக் கும்பிட்டாள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். வாழையிலையில் சோறு, ஏழு கறி. பாகற்காய் இல்லை. இலையை இரண்டு தரம் பார்த்தேன், எங்கும் இல்லை.

பாயாசம் முடியும்வரை விட்டாள். பிறகு தொடங்கினாள்.

"திங்கக்கிழமை இரவு வரைக்கும் சீஸ் ரப்பர், மா பச்சை எண்டு மேசைக்கு மேசை பிரசங்கம் வைச்சியள். செவ்வாயிலை இருந்து ஒரு குறை சொல்லேல்லை. பசி இல்லாத மனுசன்தான் அப்பிடி இருப்பான்." என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாள். "நீரும்தான் தம்பி. முழுப் பீட்சா தின்னுறனீர், பிறகு பாதியை என்ரை தட்டிலை போட்டனீர். ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை விரதத்திலை மெலிஞ்சு போனியளோ?"

சாரங்கா சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வீடு முழுக்க உளவாளிகள்.

"அங்கையே சொல்லியிருக்கலாமே" என்றேன் கமலநாயகியிடம்.

"என்னத்துக்கு? பிள்ளைக்கு நல்லது நடக்குது, நடக்கட்டும் எண்டு விட்டன். பதில் சொல்லப் பயந்து திரிஞ்ச மனுசனைக் கணவாய் சொல்ல வைச்சது." குரல் மாறியது. "ஆனா உங்கடை சேட்டிலை அடிச்ச வாசத்துக்கு எனக்கும் வாய் ஊறினது. நான் ஒருத்திதான் முருகனுக்குப் பயந்து ரப்பர் சப்பிக்கொண்டு இருந்தன்."

ஜூலியன்தான் மெல்லக் கேட்டான்: "தண்டனை என்ன மாமி?"

அவள் எல்லாவற்றையும் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். நான் விலை குறைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஜூலியன் ஓர் இடத்தில் ஏலாது என்றான், அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். பழைய சரக்குக்கு எப்போதும் மதிப்புக் குறைவுதான்.

பேசி முடிந்தது: குழப்பின நாட்களுக்குப் பதிலாக வருகிற கந்தசட்டி விரதம் ஆறு நாளும் ஜூலியனும் நானும் ஒரு நேரச் சாப்பாடு, பாற்கோப்பி அவனுக்கு உண்டு, எனக்கு இல்லை. கலியாணம் தையில், கோயில் மண்டபத்தில், சைவச் சாப்பாடு, சீஸ் ஒரு துண்டும் கிடையாது. வைகாசியில் நாலு பேரும் திரும்ப வலென்சியா, நாட்காட்டியைக் கமலநாயகி பார்த்த பிறகு. இத்தாலியக் கடை ஒன்றும் இல்லை. கணவாய்ப் பாண் நாலு, அதில் பெரியது அவளுக்கு, காசு என்னுடையது.