கிராம்பு வாசப் பூவும் நட்ட கல்லும்

1957 ஜனவரி 20, ஞாயிறு
கிராம்பு. இந்தச் சொல்லை எழுத இவ்வளவு நேரம். எழுத்துக் கூட்டிப் படித்தால் கிராம்பு என்றே வருகிறது. பங்களாத் தோட்டக்காரன் எனக்கு, இந்த வயதில் இது போதும்.
வெள்ளைக்காரத் துரைசாணி சீமையிலிருந்து தருவித்த செடியின் பூவுக்கு அந்த வாசமாம். சாண் உயரம்கூட இல்லை. பாய் மாதிரி கல்லோடு படரும். பங்களா கேட்டுக்கு வெளியே, மலைக்குப் போகும் பாதையோரச் சரிவில் கல் அடுக்கி நட்டேன். நடுவில் ஒரு நெட்டைக் கல்லை நிறுத்தினேன். எடுப்பாக இருக்கிறது. முழங்கால்தான் மடங்க மாட்டேன் என்கிறது.

பெப்ரவரி 3
நெட்டைக் கல்லில் யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

பெப்ரவரி 11
தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். "அது சாமி இல்ல தாயி, நான் நட்ட கல்லு" என்றேன். அவர்களில் ஒருத்தி, சண்முகவடிவு, சிரித்தாள். "எல்லாச் சாமியும் யாரோ நட்டதுதானே மாமா."

பெப்ரவரி 19
கல்லுக்குத் தினமும் தண்ணீர், பால், நல்லெண்ணெய் அபிஷேகம். கல்லடியில் செடி அழுகுகிறது. இதற்குக் காய்ந்த கல்லிடுக்குதான் பிடிக்கும். வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து பார்த்தார். "பூக்கலேன்னா தொரசாணி ஒன்னைய வச்சிருக்காது கெழவா. மலையில புல்லுவெட்டுத்தான்." இந்தக் காலோடு செங்குத்து மலையிலா? கல்லைச் சாய்த்துவிடலாம். குங்குமம் பட்ட கல்லில் யார் கை வைப்பது — எனக்கும் பயம்தான்.

பெப்ரவரி 26
விடியலில் மறைந்து நின்று பார்த்தேன். செம்பில் பால் கொண்டுவந்து ஊற்றியது ராக்காயி. என் பெண்டாட்டி.
"ஏ புள்ள, நீயுமா?"
"ஒங்க வேலை போயிரக் கூடாதுன்னு நேந்திருக்கேங்க."
காப்பிக்கு வச்ச பாலு அது.

மார்ச் 10
மிஞ்சிய செடிகளைப் பெயர்த்து, கல்லுக்கு மேற்புறம் சல்லிக்கல்லில் நட்டிருந்தேன். இன்று ஒன்று பூத்தது. கிராம்பேதான். துரைசாணி மண்டியிட்டு, தலையைத் தரைவரை தாழ்த்தி மோந்து பார்த்தார். பாதையில் பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.
"தொரசாணியே விழுந்து கும்பிடுது பாருங்கடி."

மார்ச் 12
மேற்புறத்திலும் பால்.

மார்ச் 29
ஒரு செடியும் தங்கவில்லை. புல்லுவெட்டுக்கு என் பேர் விழுந்துவிட்டது. காலையில் மலை ஏறும்போது ராக்காயி கல்லின் முன்னால் நிறுத்திப் பால் செம்பை நீட்டினாள். "கால் வலி தீரணும்னு நீங்களே ஊத்துங்க."
கும்பிட்டேன். அடியில் அழுகச் செடி இல்லை, வெறும் சல்லிக்கல்தான் கிடந்தது. இருந்தாலும் ஊற்றக் கை வரவில்லை.