தாத்தாவின் இரண்டு தோள்கள்

12-8-1971, வியாழன்

தாத்தாவின் புதிய கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டியவை:
1. 1885 பர்மா சண்டைக்குப் போனவர்.
2. அங்கே துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர்.
3. பேரப்பிள்ளைகளை ஒரு நாளும் அடிக்காதவர்.

நாளைக் காலை புதுவாயலில் கல் கொத்துபவரிடம் இதைக் கொடுக்க வேண்டும். கொத்திய பிறகு திருத்த முடியாது என்பதால், மாலையில் அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"துப்பாக்கியா? யாருடா சொன்னா உனக்கு?" என்றாள்.

"தோள்ல காய்ப்பு இருந்துச்சேக்கா. துப்பாக்கி உதைச்சுதானே வந்துச்சு?"

"ரெண்டு தோள்லயும்தான இருந்துச்சு! ரெண்டுலயும் வெச்சுகினா சுட்டாரு? நீ வாத்தியாரா இருந்து இன்னாத்தடா கிழிச்ச? அவரு டோலி தூக்குனவருடா. அடிபட்ட சிப்பாயிங்கள தோள் மாத்தி மாத்தி தூக்கிகினு ஓடுவாராம்."

அக்காவுக்கு எண்பது வயது. மறதி உண்டு. அப்படிச் சொல்லித் தப்பிக்கலாமா என்று வீடு வரும்வரை யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் அந்தத் துப்பாக்கிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். தாத்தா என்னிடம் ஒரு தடவைகூடத் துப்பாக்கி என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தேர் பார்க்க என்னைத் தோளில் ஏற்றிக்கொள்வார். அந்தக் காய்ப்பு என் இரண்டு தொடைகளிலும் உறுத்தும். வலது தொடையில் மட்டுமல்ல, இரண்டிலும். அதை நான் மறக்கவில்லை. எண்ணிப் பார்த்ததுதான் இல்லை.

டோலி தூக்கியவர் என்று கல்லில் போட்டால் ஊரார் என்ன நினைப்பார்களோ தெரியவில்லை. ஆனால் இரண்டாவது குறிப்பு தவறு.