பாட்டுப் போடாத டேப்

மச்சான்,

பழைய கம்ப்யூட்டரை இன்றைக்கு மறுபடி போட்டேன். ஃபேன் சுற்றியதும் சூடேறின தூசி வாசம். அட்டன் டவுனில் நாம் இரண்டு பேரும் வீடியோ கடை வைத்திருந்த காலம் முழுக்க அந்த வாசத்தில் வந்துவிட்டது. கேமரா டேப்பை உள்ளே இறக்குகிற வயர் இதில்தான் மாட்டும். என் புது மெஷினில் அந்தத் துளையே இல்லை. ஆனால் மெஷின் என்றால் அதுதான் மெஷின். கிராஃபிக்ஸ் கார்டே செங்கல் அளவு. இந்த மலையில் இப்படி ஒன்று என்னிடம் மட்டும்தான். போன மாதம் கொழும்பு இன்ஜினியர் ஒருவர் படத்தைச் சுருக்குகிற கோடெக் பற்றி நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார். நீ இருந்திருந்தால், "அவன் பிரிண்டர் மை விக்க வந்தவன்டா" என்றிருப்பாய்.

விஷயம் இதுதான். உன் மகளுக்குத் தையில் கல்யாணம். போன வாரம் வந்து, "மாமா, மேடையில அப்பா குரல் ஒரு தடவ கேக்கணும். போன்ல ஒன்னுமே இல்ல. நீங்க எடுத்த டிஸ்க்ல இருக்கும்ல?" என்றாள். நான் யார்? "நாளைக்கே தர்றேன்மா" என்று சொல்லிவிட்டேன்.

அலுமாரியில் இருந்த அத்தனை டிஸ்கும் போட்டுப் பார்த்தேன். படம் பிடித்தது எல்லாம் நீ; கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் முகம் எங்கே வரும்? குரலாவது வரணுமே. அங்கேதான் என் கைவண்ணம். தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரைக்கும் பாட்டுப் போட்டு, நிஜச் சத்தத்தை எல்லாம் நானே அழித்து வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே டிஸ்கில் அடங்கணும் என்று, சுருக்கினதையே பிரித்து வெட்டி, திரும்பவும் சுருக்கியதில் மஸ்கெலியா மூடுபனிகூடக் கட்டங்கட்டமாய் உடைந்து கிடந்தது.

நீ அன்றைக்கே சொன்னாய்: "தேயிலக் கொழுந்த அமுக்கிக் கட்டுனா மூட்டைக்குள்ளயே செவந்துரும். படமும் அப்படித்தான். ஒரிஜினல அழிக்காத." நான்தான் டேப் மிச்சம் என்று, எடுத்ததன் மேலேயே உன்னைத் திரும்ப எடுக்க வைத்தேன்.

ஒன்றை மட்டும் நீ என்னிடம் விட்டுவைக்கவில்லை. உன் மகள் பெரியவளான சடங்கு டேப். டிஸ்க் போட்டதும் கையோடு வாங்கிப் போனாய். நினைவு வந்ததும் உன் வீட்டுக்கு ஓடினேன். தங்கச்சி சேலைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தது.

உன் பழக்கப்படி கேமராவைப் போர்வையில் சுற்றி, குளிர் ஈரம் போகவைத்து ஓட்டினேன். முதலில் பெண்களின் சலசலப்பு. பிறகு, மைக்குக்குப் பக்கத்திலேயே நீ.

"அம்மாடி, அப்பாவப் பாரு. தலைய நிமித்து. டேய் மச்சான், ஒன் முதுகையா நான் படம் புடிக்கிறது? நவுருடா."

படம் முழுக்க என் முதுகு.

ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசாக வைக்கிற பெரிய கோடெக்கில், சத்தத்தைத் துளியும் சுருக்காமல் இறக்கி, இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்தேன். நீ என்னைத் திட்டினதை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். உன் மகள் விடவில்லை. "அதுதான் மாமா அப்பா" என்றாள்.

தையில் ஊரே கேட்கட்டும். பாட்டுப் போடமாட்டேன். நீ போன பிறகும் எந்தக் கல்யாணத்திலும் கேமராவைக் கண்டால், யாரும் சொல்லாமலே ஒரு எட்டு நகர்ந்துவிடுகிறேன்.